கொடியிலிருந்து பின்னோக்கி

வைகாசியில் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் தேர் முனை திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். முனைக்கு வந்த பிறகு தேரைத் திருப்ப முடியாது. கொஞ்ச தூரம் முன்பிருந்தே வடம் பிடிப்பவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்குவார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தடியில் கட்டையைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுத்து, தெருவின் எந்த ஓரத்தில் வந்தால் முனை திரும்புமோ அந்த ஓரத்துக்குத் தேரைக் கொண்டுவந்துவிடுவார். கை சக்கரத்தடியில் இருக்கும். கணக்கெல்லாம் அடுத்த தெருவில் இருக்கும்.

பழைய கோல்ஃப் மைதானத்தில் எப்படி ஆடுவது என்று கேட்டவரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். கேட்டவர் எங்கள் தெருக்காரர். பட்டுச் சேலை மொத்த வியாபாரம். கல்கத்தாவில் இவரிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர், அடுத்த முறை வரும்போது ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்புக்கு விருந்தினராக அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். இவர் இரண்டு வருடமாகச் சென்னைக்குப் போய்வந்து பயிற்சித் திடலில் பந்து அடித்துப் பழகியவர். முழு மைதானத்தில் ஆடியது நாலைந்து தடவைதான். "அண்ணே, அம்மாம் பெரிய இடத்துல போயி மானம் போவக்கூடாது. என்னா பண்ணணும்னு சொல்லுங்க" என்றார்.

பெரிய இடம்தான். 1829இல், இன்றைய கல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் பக்கத்தில் தொடங்கிய கிளப் அது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இவ்வளவு பழைய கோல்ஃப் கிளப் வேறு கிடையாது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்ததை ஒட்டிப் பெயருக்கு முன்னால் 'ராயல்' ஒட்டிக்கொண்டது. 1910 வாக்கில் டாலிகஞ்சுக்கு இடம் மாறியது. டாலிகஞ்சுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த பிறகு, அங்கே வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் வைத்தது அந்த டாலிகஞ்சில்தான். நம்மவருக்கு அதில் ஆர்வமில்லை. "அதெல்லாம் இருக்கட்டும், ஆட்டத்த சொல்லுங்க" என்றார்.

ஆட்டம் தெரியாத வாசகருக்காக இரண்டு வரி. மைதானத்தில் பதினெட்டு 'ஹோல்'கள். ஒவ்வொன்றும் 'டீ' என்ற சிறு மேட்டில் தொடங்கும். நடுவே கத்தரித்த புல்பாதை, அது ஃபேர்வே. ஓரத்தில் வளர்ந்த புல் ரஃப். அங்கங்கே மணற்குழி, அதற்குப் பெயர் பங்கர். முடிவில் கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டிய கிரீன், அதில் கொடி நட்ட குழி. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், 1891இல் விதியாகி இன்றுவரை மாறவில்லை. நன்றாக ஆடுகிறவர் ஒரு ஹோலை முடிக்க எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகளின் எண்ணிக்கை 'பார்'. அது 3, 4 அல்லது 5 ஆக இருக்கும். பதினெட்டும் சேர்த்துப் பெரும்பாலும் 72. நாம் அதைவிட வழக்கமாக எத்தனை அடி கூடுதலாக எடுக்கிறோமோ அதை ஒட்டி 'ஹேண்டிகேப்' என்று ஒரு கழிவு கிடைக்கும். மாமனாரும் மருமகனும் சமமாகப் போட்டியிட முடிவது இந்தக் கழிவால்தான்.

இனி மைதானத்தின் வடிவம். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் அவசர அவசரமாகப் பல மைதானங்கள் போட்டார்கள். பல இடங்களில் ஃபேர்வேக்குக் குறுக்கே வரப்பு போல ஒரு மண் அணை, அதன் முன்னால் ஒரு பள்ளம். தாண்டினால் பிழைத்தாய், தாண்டாவிட்டால் விழுந்தாய். குதிரைக்குத் தடை வைப்பது போன்ற வடிவம் அது. தேர்ந்தவர் எப்படியும் தாண்டிவிடுவார், புதியவர் எப்படியும் விழுவார், யோசிக்க இருவருக்கும் வேலை இல்லை. இதைத் தண்டிக்கும் அமைப்பு என்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்த பழைய கடற்கரை மைதானம் அப்படி இல்லை. அதை ஒருவர் உட்கார்ந்து வரைந்ததில்லை. காற்றும் ஆடுகளும் மனிதக் கால்களுமாகச் சில நூறு ஆண்டுகளில் உண்டாக்கிய நிலம். அகலமான ஃபேர்வே, எங்கே அடித்தாலும் பந்து கிடக்கும். ஆனால் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த அடி சுலபமாகவோ பெரும் தொல்லையாகவோ மாறும். ஜான் லோ என்பவர் 1903இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டார். நல்ல ஆட்டக்காரர் போக ஆசைப்படும் தடத்தை ஒட்டியே இடையூறு இருக்க வேண்டும், ஒதுங்கிப் போகிறவரை அது சும்மா விட்டுவிட வேண்டும் என்பது அவர் வாதம். பின்னால் ஹாரி கோல்ட், அலிஸ்டர் மெக்கன்ஸி போன்ற மைதான வடிவமைப்பாளர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். வியூக அமைப்பு என்று இதைச் சொல்லலாம்.

மெக்கன்ஸி படித்தது மருத்துவம். போயர் யுத்தத்துக்கு மருத்துவராகப் போனவர், எதிரிகள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தில் தங்களை மறைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து வியந்து, அந்தக் கண்ணோடு கோல்ஃப் மைதானம் போட வந்தார். 1920இல் இதைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று எழுதினார். ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அவர் அமைத்த அமெரிக்காவின் அகஸ்டா மைதானம் இன்று உலகப் புகழ் பெற்றது. திறந்தபோது அதில் இருந்த பங்கர்கள் இருபதுக்குச் சற்றே மேல். அவ்வளவுதான். மணலைக் கொட்டிப் பயமுறுத்துவது அவருக்குப் பிடிக்காது. 1934 மார்ச்சில் அங்கே முதல் பெரிய போட்டி நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, ஜனவரியிலேயே போய்ச்சேர்ந்தார்.

நம்மவருக்கு இதை ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். நீங்களும் மனதில் வரைந்துகொள்ளுங்கள். 400 கெஜ நீளத்தில் ஒரு ஹோல். (சேலைக்காரருக்குக் கெஜம் சொன்னால் உடனே பிடிபடுகிறது.) ஃபேர்வே நல்ல அகலம். டீயிலிருந்து 200 கெஜத்துக்கு அப்பால் இடப்பக்கத்தை ஒட்டி ஒரு குளம். வலப்பக்கம் முழுக்க வெட்டவெளி. கிரீன் சற்றே சாய்ந்து கிடக்கிறது, அதன் வாய் இடப்பக்கத்தைப் பார்த்து இருக்கிறது. வலது முன்புறத்தில் ஆழமான ஒரு பங்கர்.

முதல் அடியை எங்கே அடிப்பீர்கள்? எல்லோரும் சொல்வது வலப்பக்கம். குளம் இல்லையே. அடித்தாயிற்று, பந்து பத்திரம். நடந்துபோய் நிமிர்ந்து பார்த்தால் கொடிக்கும் உங்களுக்கும் நடுவில் அந்தப் பங்கர் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது. அதைத் தாண்டி அடித்தாலும், இந்தக் கோணத்தில் கிரீன் குறுக்காகக் கிடப்பதால் பந்து நிற்க இடமில்லை, பின்னால் உருண்டு போய்விடும். அதே முதல் அடியைக் குளக்கரையை ஒட்டி அடிக்கத் துணிந்தவருக்குக் கிரீன் நீளவாக்கில் திறந்து கிடக்கும், பந்தை உருட்டிக்கூட விடலாம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு வழியும் உண்டு. வலப்பக்கம் அடித்தவர் இரண்டாவது அடியில் கொடிக்கு ஆசைப்படாமல் கிரீனின் இடது முன்பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, மூன்றாவதில் கொடியருகே தூக்கிப் போட்டு, நாலு அல்லது ஐந்தில் முடிப்பது. வயதானவர்களும் புதியவர்களும் இப்படித்தான் ஆட வேண்டும். வியூக மைதானத்தின் பெருந்தன்மை இதில் இருக்கிறது. ஒரு அடி விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவனுக்கு அது எப்போதும் ஒரு வழி வைத்திருக்கும்.

எனவே டீயில் நின்றதும் குளத்தைப் பார்க்காதீர்கள். கொடியைப் பாருங்கள். கிரீனின் எந்தப் பக்கம் காவல் இருக்கிறது, எந்தப் பக்கம் வாசல் இருக்கிறது? அந்த வாசலுக்கு நேராக ஃபேர்வேயில் எந்த இடம்? அந்த இடத்துக்குப் போக என்னால் முடியுமா, எந்த மட்டையில்? கொடியிலிருந்து பின்னோக்கி வந்தால் மட்டைப் பையில் கை வைப்பது கடைசி வேலை. பெரும்பாலோர் முதலில் 'டிரைவர்' என்ற தூர அடி மட்டையை உருவிக்கொண்டு பிறகுதான் யோசிக்கிறார்கள். பையில் பதினான்கு மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருப்பது சும்மா இல்லை.

இந்தப் பாடம் பெரிய ஆட்டக்காரர்களுக்கும் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸின் பதினேழாவது ஹோலில் கிரீனின் இடப்பக்கம் ஒரு சின்னப் பங்கர், பின்னால் ஒரு சாலை. 1978 ஓபன் போட்டியின் மூன்றாவது நாள் ஜப்பானின் டாமி நகஜிமா இரண்டே அடியில் கிரீனை எட்டிவிட்டார். பங்கரைச் சுற்றித்தான் குழிக்குப் போக வேண்டும். 'பட்டர்' என்ற தள்ளுமட்டையால் மெல்லத் தள்ளிய பந்து சரிவில் வழுக்கி அதே பங்கருக்குள் விழுந்தது. மணலிலிருந்து வெளியேறுவதற்குள் போதும் போதும் என்றாகி, அந்த ஹோலில் மொத்தம் 9 அடி. கிரீனுக்கு வந்தவரையே உள்ளே இழுத்துக்கொண்ட பங்கர் அது. சுற்றியுள்ள நிலமே அந்தப் பங்கரை நோக்கிச் சரிந்திருக்கிறது. பங்கர் சின்னதாகத் தெரியும், அதன் வாய்க்கால் பெரிது.

ராயல் கல்கத்தாவை மெக்கன்ஸி போடவில்லை. அங்கே வியூகம் குளங்களில் இருக்கிறது. வங்காளத்துச் சமவெளி தட்டு மாதிரி தட்டை, மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லை. அதனால் குளம் வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கொண்டு டீயையும் கிரீனையும் உயர்த்தினார்கள். குளம் மழைநீரை வாங்கிக்கொண்டது, மேடு ஆட்டத்துக்கு ஆனது. ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புது வித்தை இல்லை. நம்மூரில் கோயில் இருக்கும் இடத்தில் குளம் இருப்பது தீர்த்தத்துக்காக மட்டும்தானா என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

இன்னொன்று, அங்கே ஃபேர்வேயில் முளைத்திருக்கும் 'தூப்' புல் வேறொன்றுமில்லை, நம் அருகம்புல். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற அதே புல். உலகத்தின் வெப்பப் பகுதி மைதானங்கள் பலவற்றில் பெர்முடா என்ற பெயரில் இருப்பதும் இதுவும் இதன் உறவுகளும்தான். மிதித்தாலும் வெட்டினாலும் காய்ந்தாலும் திரும்ப வரும், தரையோடு படர்ந்து பந்தைத் தாங்கி நிறுத்தும். புல்லைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், வியூகம் உயிரோடு இருப்பது தரை இறுகி இருக்கும்போதுதான். குளிர்காலத்தில் தரை காய்ந்து கிடந்தால் விழுந்த பந்து இன்னும் இருபது முப்பது கெஜம் ஓடும். எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் ஓடும். குளத்துக்குப் பத்துக் கெஜம் தள்ளி விழுந்த பந்தும் போய்க் குளிக்கும். மழைக்காலத்தில் சேற்றில் விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே அமிழ்ந்து உட்காரும். கோணம், சரிவு, உருட்டல் எல்லாமே அப்போது செத்துவிடும், யார் தூரமாகத் தூக்கி அடிக்கிறார் என்பதே மிச்சம். தொலைக்காட்சியில் பச்சைப் பசேலென்று தெரிய வேண்டும் என்று வருடம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சும் மைதானங்கள் இந்தத் தப்பைத் தெரிந்தே செய்கின்றன. நம்மவரை டிசம்பர், ஜனவரியில் போகச் சொன்னேன். அது கல்யாண சீசன், சரக்கு அனுப்பும் நேரம் என்று முகத்தைச் சுளித்தார்.

தூரம் அடிப்பதும் இப்போது ஒரு தலைவலிதான். பந்தும் மட்டையும் மேம்பட்டுவிட்டதால், அந்தக் காலத்தில் 200 கெஜத்தில் வைத்த குளத்தை இன்றைய இளைஞர் ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டுகிறார். அகஸ்டாவின் பதின்மூன்றாவது ஹோலில் இடப்பக்கம் ஓடும் ஓடையை ஒட்டி அடித்தால் சமதரை, பயந்து வலப்பக்கம் அடித்தால் சரிவில் நின்றுகொண்டு அடுத்த அடி அடிக்க வேண்டும் என்பதே அழகு. எல்லோரும் மூலையை எளிதாகத் தாண்டத் தொடங்கியதும் 2023இல் டீயை 35 கெஜம் பின்னால் தள்ளி 545 கெஜமாக்கினார்கள். அதற்கு இடமும் பணமும் இருந்தன. ஊருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய கிளப்புகளுக்கு எங்கே இருக்கும்? ஆனால் நம்மவர் மாதிரி 180 கெஜம் அடிப்பவருக்குப் பழைய குளங்கள் போட்ட இடத்திலேயே சரியாக நிற்கின்றன. பழைய மைதானம் சுமாரான ஆட்டக்காரருக்குத்தான் முழுதாகப் பேசும் என்று நான் சொன்னதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அடுத்தது கேடி. நம்மூரில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் உள்ள ஆள். அங்கே உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர். பழைய மைதானத்தில் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி அவர்தான். வாசல் எந்தப் பக்கம், எந்தக் கிரீன் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தும் சரிவாக இருக்கும், எந்தக் குளத்தின் கரை பந்தை உள்ளே இழுக்கும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை, அவர் காலில் இருக்கிறது. மைதானத்திலேயே வளர்ந்தவரின் அறிவுக்கு எஸ்.எஸ்.பி. சௌரசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா ராயல் கல்கத்தாவில் புல் பராமரித்தவர். அங்கேயே வளர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்று, 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் இந்தியன் ஓபனை வென்றார். தூரமாக அடிப்பதில் பெயர் வாங்கியவர் இல்லை. கிரீனைச் சுற்றிய சின்ன ஆட்டத்தில்தான் ஆளை முடிப்பார். கேடி ஆறாம் நம்பர் 'அயர்ன்' மட்டையை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், "ஏழே போதும்" என்று வீம்பு பண்ணாதீர்கள்.

கிளப் நடைமுறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் கிளப் என்றால் உறுப்பினர் கூட்டிப்போனால்தான் உள்ளே விடுவார்கள். நீங்கள் செய்யும் தப்பெல்லாம் அவர் கணக்கில் சேரும். காலர் வைத்த சட்டை போடுங்கள், ஜீன்ஸ் வேண்டாம். பல இடங்களில் ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். போனை அணைத்துவிடுங்கள். அடுத்தவர் அடிக்கும்போது பேசாதீர்கள், உங்கள் நிழல் அவர் பந்தின் மேலோ அதன் பாதையிலோ விழும்படியும் நிற்காதீர்கள். பங்கரில் நடந்தால் மட்டம் இழுத்துவிட்டு வெளியே வாருங்கள். கிரீனில் பந்து விழுந்து பள்ளம் செய்தால் சரிசெய்யுங்கள். பந்து ஆட்கள் மேல் போவது போலிருந்தால் "ஃபோர்!" என்று கத்த வேண்டும், வெட்கப்படக் கூடாது. சிவப்புக் குச்சி நட்ட குளத்தில் பந்து போனால் ஒரு அடி அபராதம். பந்து எங்கே கரையைக் கடந்ததோ அங்கிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், கொடிக்குப் பக்கத்தில் போகாமல், வேறு பந்தை விட்டு ஆடலாம். கரையில் கால் மணி நேரம் நின்று துக்கம் விசாரிக்கத் தேவையில்லை.

கிரீனுக்கு வந்தபின் ஒரே ஒரு யோசனை. பழைய கிரீன்கள் பெரும்பாலும் பின்னாலிருந்து முன்னால் சரியும், தண்ணீர் வடிய வேண்டுமே. ஆகவே பந்து குழிக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டை நோக்கித் தள்ளினால் தைரியமாகத் தள்ளலாம். மேலிருந்து கீழே தள்ளினால் நகஜிமா கதைதான்.

கல்கத்தா வரை போக வேண்டுமா, இங்கே எதுவும் இல்லையா என்று நம்மவர் நியாயமாகவே கேட்டார். ஊட்டியிலும் வெலிங்டனிலும் வெள்ளைக்காரர் காலத்து மைதானங்கள் உண்டு. கொடைக்கானல் கிளப் 1895இல் தொடங்கியது, அங்கே காட்டெருமை வந்து ஃபேர்வேயில் நின்றால் அது போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கடல் தாண்டினால் 1879இல் தொடங்கிய ராயல் கொழும்பு, அதன் ஊடாகக் களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஓடுகிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது கிண்டி. குதிரைப் பந்தய வட்டத்துக்கு உள்ளேயே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்காரர்கள் கோல்ஃப் ஆடிவந்தார்கள். 2024 செப்டம்பரில் அரசு ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரை எடுத்துக்கொண்டது. அங்கே பூங்காவும் வெள்ளநீர் தாங்கும் குளங்களும் என்று திட்டம் வந்தது, வழக்குகளும் வந்தன.

இதில் என் மனசு இரண்டு பக்கமும் ஆடுகிறது. மழை வெள்ளத்தின்போது வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரிடம் போய்ப் பழைய ஃபேர்வேயின் அழகைப் பேச எனக்கு வாய் வராது. சில நூறு பேர் மட்டும் நடக்கும் புல்வெளி ஊருக்கு நடுவில் இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் தப்பில்லை. ஆனால் கல்கத்தாவில் தண்ணீர் வாங்கும் குளத்தையே ஆட்டத்தின் மையமாக்கி வைத்திருக்கிறார்கள், பொதுமக்களும் நடக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் இரண்டும் ஒரே நிலத்தில் இருக்க முடியாதா என்றும் தோன்றுகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக அதில் ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுகிறார்கள்.

நம்மவர் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அண்ணே, அந்தக் கொளத்துல மீன் இருக்குமா?" என்றார்.

கல்கத்தாக்காரர்கள் வெட்டிய குளம் என்று ஞாபகப்படுத்தினேன்.